கும்பகோணத்துக் குழந்தைகளுக்கு நம் ஊரில் எதற்குத் தோட்டம்?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஷிப்ட் முடிந்து, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

நம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால், பழைய சத்துணவுக் கூடத்தை ஒட்டிச் சும்மா கிடக்கிற இடத்தில் 94 மரக்கன்றுகள் வைக்கலாம், 2004இல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் இறந்துபோன 94 குழந்தைகளின் நினைவாக ஒரு தோட்டம் உண்டாக்கலாம் என்று பழைய மாணவர் குழுவில் போன வாரம் எழுதியிருந்தேன். நிறையப் பேர் கும்பிடு போட்டீர்கள், சந்தோஷம். சிலர் கேள்வியும் கேட்டீர்கள். அதுதான் எனக்கு இன்னும் சந்தோஷம். "டீச்சர், கும்பகோணம் எங்கிருக்குது, நம்ம ஊரு எங்கிருக்குது? அந்தக் காசுக்கு ரெண்டு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுக்கலாமுங்களே" என்று ஒரு பையன். "எளவு விழுந்த பேர்ல தோட்டமா? புள்ளைங்க ஓடி விளையாடற எடத்துல அதெல்லாம் எதுக்குங்க அக்கா?" என்று என் சித்தி மகள். இரண்டும் நியாயமான கேள்விதான். குழுவில் இரண்டு வரியில் பதில் சொன்னால் சண்டை மாதிரி ஆகிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நடந்தது என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. மீதிப் பேர் தொட்டிலில் இருந்தீர்கள்.

2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை. கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. ஸ்ரீ கிருஷ்ணா உதவிபெறும் தொடக்கப் பள்ளி, சரஸ்வதி நர்சரி தொடக்கப் பள்ளி, ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளி. சின்னப் பிள்ளைகளின் வகுப்பு மேல்மாடியில். அதற்கு மூங்கில் கட்டி, தென்னங்கீற்று வேய்ந்த கூரை. ஏறி இறங்க ஒடுக்கமான படிக்கட்டு. ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் சிமெண்ட் ஜாலி. காற்று வரும், ஆனால் ஆள் வெளியே வர முடியாது. பதினொரு மணிக்கு முன்பாகச் சத்துணவு சமைக்கும் இடத்தில் விறகடுப்பிலிருந்து கீற்றுக்குத் தீ தாவியது. அங்கிருந்து மேல்மாடிக் கூரைக்கு. காய்ந்த கீற்று எப்படி எரியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். கூரை எரிந்து, மூங்கிலோடு சேர்ந்து பிள்ளைகள் மேலேயே சரிந்தது. தெருக்காரர்கள் ஓடிவந்து அந்த ஜாலியை இடித்துத்தான் உள்ளே போக முடிந்தது. மேலே ஏறக்குறைய 200 பிள்ளைகள் இருந்தார்கள். 94 பேர் இறந்தார்கள். 18 பேர் காயத்தோடு பிழைத்தார்கள். பெரும்பாலும் பத்து வயதுக்கு உட்பட்டவர்கள். நான் பாடம் எடுத்த வயதுப் பிள்ளைகள்.

அந்த வகுப்பு ஆசிரியர்களைப் பற்றி அன்றைக்கு ஊரெல்லாம் பலவிதமாகப் பேசியது. அதை நீதிமன்றம் விசாரித்துவிட்டது, நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். நான் படித்த ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் இரண்டு வருடம் பாடக்குறிப்பு எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். கரும்பலகையில் கோணாமல் எழுத, அட்டையில் துணைக்கருவி செய்ய, புரோபெல் என்ன சொன்னார், மாண்டிசோரி அம்மையார் என்ன சொன்னார் என்று ஒப்பிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்பில் தீப்பிடித்தால் நாற்பது பிள்ளைகளை எந்த வரிசையில் வெளியே கொண்டுவருவது என்று ஒரு நாள், ஒரு மணி நேரம்கூட யாரும் சொல்லித்தரவில்லை. தமிழ்நாடு முழுக்க அன்றைக்கு வகுப்பில் நின்றுகொண்டிருந்த என் தலைமுறை ஆசிரியர்களில் பெரும்பாலோர் அப்படிப் படித்துவிட்டு வந்தவர்கள்தான்.

இப்போது கீற்றுக்கு வருகிறேன். சரித்திரம் என்றால் ராஜராஜ சோழனும் பானிபட்டும் மட்டும்தான் என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஓலைக்கும் சரித்திரம் இருக்கிறது.

1997 ஜூன் மாதம் தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கு. யாகசாலைக்குப் போட்ட கீற்றுப் பந்தலில் தீப்பிடித்து 40க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலம் சரியில்லாதவர்களைக் கொட்டகையில் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். விடியற்காலை தீப்பிடித்தபோது ஓட வழியில்லாமல் 28 பேர் கருகினார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம். மாடியில் போட்டிருந்த பந்தலில் தீப்பற்றி மாப்பிள்ளை உட்பட 50க்கும் மேற்பட்டோர் போய்விட்டார்கள். அந்த வருத்தம் தீர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை, கும்பகோணம். கோவில், மருத்துவம் என்று நம்பிப் போன இடம், கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம். ஏழு வருடத்தில் நாலு இடம். ஒவ்வொரு தடவையும் பத்திரிகையில் படம் வந்தது, விசாரணை நடந்தது, நிவாரணம் அறிவித்தார்கள். கீற்று மட்டும் அப்படியே இருந்தது. மலிவு, குளிர்ச்சி, கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கும். யாருக்கும் அதன்மேல் சந்தேகம் வரவில்லை.

நம் பள்ளியிலும் இருந்ததே! 2004க்கு முன்னால் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். நாலாம் வகுப்பு 'பி' பிரிவும் ஐந்தாம் வகுப்பும் வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் நீளக் கொட்டகையில் நடக்கும். நடுவில் ஒரு தட்டி. அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் திருக்குறள் கலையும். நம் தோட்டத்துச் சாளை மாதிரியே இருக்கும், அதனால் பிள்ளைகளுக்கு அது வித்தியாசமாகத் தெரியாது. சித்திரை வெயிலில் ஓட்டுக் கட்டடத்தைவிட அங்கேதான் சுகமாக இருக்கும். ஓலையில் தேள் இருக்கும் என்பதுதான் எங்களுடைய ஒரே பயம். அப்போது பனியன் கம்பெனிகள் பெருகி, வேலைக்கென்று தஞ்சாவூர், நாகப்பட்டினம், மதுரை, தேனிப் பக்கமிருந்தெல்லாம் குடும்பங்கள் வந்துகொண்டே இருந்த காலம். வருடம் தவறாமல் சேர்க்கை கூடும், கட்டடம் கூடாது. கூடுதல் அறை வேண்டும் என்று மனுக் கொடுத்து மனுக் கொடுத்துக் களைத்துப்போன தலைமையாசிரியர்களை எனக்குத் தெரியும்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகையே இருக்கக் கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. நாம் அப்போது கோவை மாவட்டம், திருப்பூர் மாவட்டம் பிறந்தது 2009இல்தான். மனுவுக்கெல்லாம் வராத அவசரம் அந்த உத்தரவுக்கு வந்தது. நம் கொட்டகையையும் பிரித்தார்கள். கொஞ்ச நாள் மரத்தடியில் வகுப்பு, கொஞ்ச நாள் வராந்தாவில். பிறகு சிமெண்ட் ஷீட், அதற்குப் பிறகு இப்போது நிற்கிற காரைக் கட்டடம். கீழே விழுந்த ஓலையை ஊர்க்காரர்கள் விறகுக்குக் கட்டிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் பிள்ளைகளைத்தான் நினைத்துக்கொண்டேன்.

"கும்பகோணம் எங்கே, நம்ம ஊரு எங்கே" என்று கேட்ட பையா, நீ 2006இல் ஐந்தாம் வகுப்பு. உன் தலைக்கு மேல் ஓலை இல்லை. ஏன் இல்லை என்று இதுவரை யாரும் உனக்குச் சொன்னதில்லை, அதனால் நீ கேட்டதில் தப்பில்லை. நம் பள்ளிக் கூரை மாறியதற்கு நம் மனுவும் காரணம் இல்லை, நம் ஊர்ப் பெரியவர்களும் காரணம் இல்லை. அந்த 94 பேர்தான் காரணம். நம்மைத் தெரியாமலே நமக்கு ஒன்று செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குக் கணக்கு வைக்க ஓர் இடம் வேண்டும் என்றுதான் தோட்டம் கேட்கிறேன்.

கும்பகோணத்தில் அந்தக் கணக்கைப் பெற்றோர்கள் வைத்திருக்கிறார்கள். வருடா வருடம் ஜூலை 16 அன்று பள்ளி இருந்த இடத்தின் முன்னால் 94 பிள்ளைகளின் படங்களையும் வைத்து மாலை போடுகிறார்கள். பாலக்கரையில் அந்தப் பிள்ளைகளுக்கு நினைவிடம் இருக்கிறது, அங்கேயும் போகிறார்கள். சாயங்காலம் மகாமகக் குளத்துக்கு மோட்ச தீபம் எடுத்துப் போகிறார்கள். அந்த நாளைக் குழந்தைகள் பாதுகாப்பு நாளாக அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வழக்கு முடியப் பத்து வருடம் ஆனது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேருக்குத் தண்டனை கொடுத்து, 11 பேரை விடுவித்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. மூன்று வருடம் கழித்து மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதையும் குறைத்துவிட்டது. அன்றைக்கு முப்பது வயதில் இருந்த தாய்மார்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். இன்னும் எத்தனை வருடம் அவர்களே சுமப்பார்கள்? பெற்றவர்கள் இருக்கும்வரை மட்டும் நினைவு இருந்தால் போதுமா?

இந்த விபத்துக்குப் பிறகு அவினாஷ் மெஹ்ரோத்ரா என்பவர் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். 2009 ஏப்ரல் 13 அன்று தீர்ப்பு வந்தது. பாதுகாப்பான பள்ளியில் படிப்பது குழந்தையின் அடிப்படை உரிமை, கல்வி உரிமைக்குள்ளேயே அதுவும் அடக்கம் என்றார்கள் நீதிபதிகள். நாட்டில் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி இருக்க வேண்டும், எரியும் பொருள் வைக்கக் கூடாது, கருவியைப் பயன்படுத்த ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். உங்கள் பிள்ளை படிக்கிற பள்ளியில் சுவரில் சிவப்புச் சிலிண்டர் தொங்குகிறதா? அது அங்கே வந்த வழி காசிராமன் தெரு வழியாகத்தான்.

சரி, நினைவுத் தோட்டம் என்பது வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது. நான் படித்ததிலேயே மனசை அதிகம் பிசைந்தது பிரிட்டனில், வேல்ஸ் நாட்டில் உள்ள அபர்ஃபான் என்கிற சுரங்கக் கிராமம். 1966 அக்டோபர் 21, அதுவும் வெள்ளிக்கிழமைதான். நிலக்கரிச் சுரங்கத்துக் கழிவை வருடக்கணக்கில் மலைமேல் கொட்டி வைத்திருந்தார்கள். பள்ளிக்குப் பின்னால் இப்படிக் கொட்டுவது ஆபத்து என்று உள்ளூர் நிர்வாகம் மூன்று வருடத்துக்கு முன்பே கடிதம் எழுதியிருந்தது. மழையில் ஊறி அந்தக் குவியல் காலை ஒன்பதேகால் மணிக்குச் சரிந்து, பண்ட்கிளாஸ் தொடக்கப் பள்ளிமேல் இறங்கியது. 116 குழந்தைகள், 28 பெரியவர்கள். அவர்களில் ஐந்து பேர் ஆசிரியர்கள். துணைத் தலைமையாசிரியரைத் தோண்டி எடுத்தபோது ஐந்து பிள்ளைகளைக் கையால் அணைத்தபடி இருந்தாராம். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் இதைப் படித்தால் எனக்குக் கை நடுங்குகிறது.

உலகம் முழுக்கப் பணம் வந்து குவிந்தது. ஏறக்குறைய 90,000 பேர் அனுப்பியது, 17½ லட்சம் பவுண்டு. பிறகு நடந்ததுதான் கொடுமை. மிச்சமிருந்த கழிவு மேடுகளை அகற்றுங்கள் என்று ஊர்க்காரர்கள் கெஞ்சினார்கள். அகற்றுகிற செலவுக்கு அந்த நிவாரண நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை எடுத்துக்கொண்டது அரசு. குழிதோண்டியவனுக்குச் செத்தவன் வீட்டிலேயே மண்வெட்டி வாங்கிய கதை. அந்தத் தொகை 1997இல்தான், வட்டியில்லாமல், திரும்பி வந்தது. 2007இல் வேல்ஸ் அரசு இன்னும் 20 லட்சம் பவுண்டு கொடுத்தது. பள்ளி இருந்த அதே இடத்தில் நினைவுத் தோட்டம் இருக்கிறது. வகுப்பறைச் சுவர்கள் இருந்த கோட்டிலேயே தாழ்வான சுவர்கள் கட்டி, நடுவில் செடி வைத்திருக்கிறார்கள். உள்ளே நடக்கிறவர் வகுப்பு வகுப்பாக நடக்கிற மாதிரி.

இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. (வாத்தியார் புத்தி போகாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.) தோட்டம் உண்டாக்குவது ஒரு நாள் வேலை. அதைக் காப்பாற்றுவது ஐம்பது வருட வேலை, அதற்கும் பணம் வேண்டும். சுவர் இற்றுப்போகும், கல் கறுக்கும், தண்ணீர்க் குழாய் உடையும். அபர்ஃபானில் அந்த 20 லட்சத்தில் பெரும்பகுதி கல்லறையையும் தோட்டத்தையும் பராமரிக்கும் அறக்கட்டளைக்குத்தான் போனது. நம் ஊரில் மரம் நடு விழாவுக்குப் பஞ்சமில்லை. குழியும் ஃபோட்டோவும் நன்றாகத்தான் இருக்கும், அடுத்த வாரம் போனால் ஆடு மேய்ந்துகொண்டிருக்கும். 'வனத்துக்குள் திருப்பூர்' இயக்கத்தாரைப் பார்த்து நான் வியப்பது, அவர்கள் நட்ட எண்ணிக்கைக்காக அல்ல. நட்ட பிறகு லாரித் தண்ணீர் ஊற்றி, வேலி கட்டி வளர்க்கிறார்களே, அதற்காக.

இன்னொரு ஊரையும் சொல்ல வேண்டும். பனியன் கம்பெனியில் இருக்கிறவர்களுக்கு இது நெருக்கமாக இருக்கும். நியூயார்க். 1911 மார்ச் 25, சனிக்கிழமை சாயங்காலம், வேலை விடுகிற நேரம். டிரையாங்கிள் என்கிற பெண்கள் ரவிக்கை தைக்கும் கம்பெனி பத்து மாடிக் கட்டடத்தில் மேல் மூன்று மாடியில் இருந்தது. எட்டாம் மாடியில் மேஜைக்கு அடியில் கிடந்த துணி வேஸ்ட்டில் தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி ஆறாம் மாடிக்கு மேல் எட்டவில்லை. 146 பேர் செத்தார்கள். இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் பிழைக்க வந்த ஏழைப் பெண்கள்தான் அதிகம், 14 வயதுப் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் ஆறு பேர் யாரென்றே நூறு வருடம் தெரியாமல் இருந்தது. ஓர் ஆராய்ச்சியாளர் பழைய பத்திரிகைகளைத் துழாவி 2011இல்தான் அந்தப் பெயர்களைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. மார்ச் 25 வந்தால் தன்னார்வலர்கள் சாக்பீஸ் எடுத்துக்கொண்டு, இறந்த ஒவ்வொருவரும் குடியிருந்த வீட்டு வாசலில் பெயரும் வயதும் எழுதிவிட்டு வருவார்கள். மழை பெய்தால் அழிந்துவிடும், அடுத்த வருடம் மறுபடி எழுதுவார்கள். இது தொடங்கியது 2004இல், கும்பகோணம் எரிந்த அதே வருடம். நிலையான நினைவுச் சின்னத்துக்கு மாநில அரசு 15 லட்சம் டாலர் கொடுத்தது. ஆனால் எனக்குப் பிடித்தது அது இல்லை. 2019இல் நினைவுச் சின்னம் அமைக்கிறவர்கள் ஊர்மக்களைக் கூப்பிட்டு, ஆளுக்கொரு துண்டுத் துணி கொண்டுவரச் சொன்னார்கள். பாட்டி புடவை, தொழிலாளி சட்டை, கட்பீஸ், எதுவானாலும் சரி. எல்லாவற்றையும் உட்கார்ந்து ஒட்டுத் தைத்து, 300 அடி நீளத்தில் ஒரு ரிப்பன் ஆக்கினார்கள். அந்தத் துணியின் நெசவையும் தையலையும் அப்படியே எஃகுத் தகட்டில் பதித்து, அந்தக் கட்டடத்திலேயே மாட்டினார்கள். 2023 அக்டோபர் 11 அன்று திறந்தார்கள். தீ நடந்து 112 வருடம் கழித்து! பணம் இல்லாதவனும் ஒரு முழத் துணியோடு வந்து உட்காரலாம் என்று வைத்தார்கள் பாருங்கள், அதுதான் ஆதரவு திரட்டுவது. நோட்டீஸ் அடித்து வசூல் பண்ணுவதைவிட இது எவ்வளவோ மேல்.

என் தங்கச்சி கேட்டதற்கு இப்போது பதில். எளவு நடந்த பேரில் பிள்ளைகள் விளையாடுகிற இடமா என்று கேட்டாய். நம் வீட்டில் கல்யாணத்துக்கு முன்னால் கன்னித் தெய்வத்துக்குப் புதுத் துணி வைத்துக் கும்பிடுகிறோமே, அது யார்? எந்தக் காலத்திலோ சின்ன வயதில் செத்துப்போன நம் வீட்டுப் பெண் குழந்தைதானே? அந்தத் துணியைப் பிறகு வீட்டுப் பெண்பிள்ளைதான் கட்டிக்கொள்கிறாள். யாரும் தீட்டு என்று சொல்வதில்லை. காட்டு ஓரத்து நடுகல்லைச் சுற்றி நாமெல்லாம் நொண்டி விளையாடியவர்கள். செத்த குழந்தைகளும் இருக்கிற குழந்தைகளும் ஒரே நிழலில் இருப்பது நமக்குப் புதிதில்லை.

கம்ப்யூட்டர் கேட்ட பையனுக்கும் சொல்கிறேன். கம்ப்யூட்டரும் வேண்டும், அது தனிக் கணக்கு. இதற்கு நான் கேட்பது பெரிய பணம் இல்லை. சிலை வேண்டாம், வளைவு வேண்டாம், திறப்பு விழாப் பந்தலும் வேண்டாம். அதிலும் கீற்றுப் பந்தல் போட்டால் நான் வாசலிலேயே திரும்பிவிடுவேன்! அந்தப் பிள்ளைகளின் பெயரும் படமும் வைக்க வேண்டாம். அது பெற்றவர்களுடைய உரிமை, அவர்களைக் கேட்காமல் நாம் எடுக்கக் கூடாது. கொடுத்தவர்கள் பெயர் போட்ட கல்லும் வேண்டாம். ஒரே ஒரு பலகை. அதில் தேதி, ஊர், 94 என்கிற எண், நம் பள்ளியின் ஓலைக் கொட்டகை எப்போது ஏன் பிரிக்கப்பட்டது என்கிற விவரம். அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் சேருகிற பிள்ளைகளிடம் மரங்களைப் பிரித்துக் கொடுத்து, மூன்று வருடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி, எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது அடுத்த பிள்ளையிடம் ஒப்படைக்கச் சொல்லலாம் என்று தலைமையாசிரியரிடம் பேசியிருக்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டுத்தான் வேலை தொடங்கும். பணம் கொடுக்கிறவர்கள் பள்ளியிடமே கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். என் கையில் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல், நெல்லி என்று கலந்து வைக்கலாம். தென்னை மட்டும் வேண்டாம். கீற்று மேல் இருக்கிற கோபத்தில் சொல்லவில்லை, பிள்ளைகள் தலையில் தேங்காய் விழும்.

பணத்தைவிட முக்கியமாக ஓர் உதவி கேட்கிறேன். உங்களில் ஏழெட்டுப் பேராவது எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருக்கிறீர்கள். வங்கதேசத்தில் 2013இல் ராணா பிளாசா இடிந்து 1,134 பேர் இறந்த பிறகு வெளிநாட்டு பையர்கள் எவ்வளவு கெடுபிடி செய்கிறார்கள் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். தரையில் மஞ்சள் கோடு, வழியில் பீஸ் பண்டல் வைக்கக் கூடாது, எக்ஸிட் கதவில் பேட்லாக் கூடாது, ஃபயர் டிரில், சைரன் அடித்தால் எத்தனை நிமிடத்தில் மொத்த ஆளும் வெளியே நிற்க வேண்டும் என்று எல்லாம் உங்களுக்கு அத்துப்படி. அதை நம் பள்ளிக்கு வந்து சொல்லிக்கொடுங்கள். ஆசிரியர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. சிலிண்டரில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்க நாலாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிய வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, ஜூலை 16 அன்று, மணி அடித்ததும் மொத்தப் பள்ளியும் வரிசையாக வெளியேறி வந்து நிற்கிற இடம் அந்தத் தோட்டமாக இருக்கட்டும். கட்டடத்திலிருந்து அந்த இடம் தள்ளி இருப்பதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

ஆடிக் காற்றில் நம் பக்கம் கன்று வைத்தால் வாடிவிடும் என்று உங்களுக்கே தெரியும். அதனால் இப்போது குழி மட்டும் எடுத்து, ஆறப்போட்டு, எருப் போட்டு வைப்போம். ஐப்பசி மழை பிடித்ததும் கன்று வைப்போம். தீர்மானம் ஆனதும் ஜூலை 16க்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை குழி எடுக்கலாம் என்று இருக்கிறேன். காலை ஆறரைக்கு வந்தால் வெயிலுக்கு முன்னால் பாதி முடித்துவிடலாம். குழி இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழம். கீழே சுக்காம்பாறை தட்டும், அதனால் கடப்பாரை இருக்கிறவர்கள் கட்டாயம் எடுத்து வாருங்கள். வீட்டில் இருக்கிற பொடிசுகளையும் கூட்டி வாருங்கள், மண் அள்ளட்டும். வர முடிகிறவர்கள் இங்கேயே கீழே பெயர் எழுதிவிடுங்கள். எத்தனை பேருக்குத் தக்காளி சாதம் கிளறுவது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்